வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: சிக்கிள் செல் நோயோடு அன்றாட வாழ்க்கை

சென்ற இதழில் ரத்தசோகையைப் பற்றி எழுதியபோது, அரிவாள் அணுச் சோகை எனப்படும் சிக்கிள் செல் நோய்க்கு இரண்டே வரிகளை ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிட்டேன். கூடலூர், பந்தலூர், சுல்தான் பத்தேரி, அட்டப்பாடிப் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்கள் அந்த இரண்டு வரிகளுக்காக என்னைக் கடிந்துகொண்டன. கடிந்ததில் நியாயம் இருக்கிறது. இந்த இதழின் பகுதி முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே உரியது. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய கைவிரல்களும் பாதமும் வீங்கிவிடும், தொட்டாலே அலறுவாள். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவி வழித்துவிட்டோம். போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ‘எஸ்.எஸ்.’ என்று வந்திருக்கிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டது. வீட்டில் இவளை எப்படிப் பார்த்துக்கொள்வது? – ஒரு தாய், பந்தலூர் வட்டம்

பதில்: அந்தச் சுளுக்கை நினைத்து மனம் நோக வேண்டாம், அம்மா. மருத்துவம் படித்தவர்களே அதைச் சுளுக்கு என்று சொல்லி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். கருப்பையில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின் பிறந்து சுமார் ஆறு மாதங்கள் வரை குழந்தையைக் காப்பாற்றுகிறது. அது குறைந்து, அந்த இடத்தில் இயல்பிலிருந்து மாறிய எஸ் வகை ஹீமோகுளோபின் நிறைந்த பிறகுதான் நோய் தலைகாட்டும். ‘எஸ்.எஸ்.’ என்றால் மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் அந்த மாற்றம் இருக்கிறது என்று பொருள். விரல் எலும்புகளுக்குள் ரத்தம் அடைபட்டதால் வந்த வீக்கம்தான் நீங்கள் பார்த்தது. பல குழந்தைகளிடம் இந்த நோயின் முதல் அறிகுறியே அதுதான்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால், வீட்டில் செய்ய வேண்டியவற்றை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எஸ் வகை ஹீமோகுளோபின், தான் சுமந்து வந்த ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளைப் போலாகி, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுவைக் கதிரறுக்கும் கருக்கரிவாள்போல வளைத்துவிடுகிறது. வளைந்த அணு நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொண்டு அடைப்பை உண்டாக்குகிறது; வலி அங்கிருந்து வருகிறது. சாதாரணச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். இந்த அணுவோ 10 முதல் 20 நாட்களுக்குள் உடைந்துவிடும். சோகையும் கண் மஞ்சளும் இந்த உடைப்பினால் வருபவை. உடலில் நீர் குறைந்தாலும், குளிர் தாக்கினாலும், காய்ச்சல் வந்தாலும், அளவுக்கு மீறிக் களைத்தாலும் அணுக்கள் வளைவது அதிகமாகும்.

ஆகவே தண்ணீர்தான் முதல் மருந்து. உங்கள் மகளின் வயதில் ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உள்ளே போக வேண்டும். கஞ்சித் தண்ணீர், மோர், ரசம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மழைநாளில் குழந்தைக்குத் தாகமே எடுக்காது என்பதுதான் நம் பக்கத்துச் சிக்கல். அரை லிட்டர் பாட்டில் ஒன்றை அவளுக்கென்று வைத்து, காலை பத்து மணி, மதிய உணவு, விளக்கு வைக்கும் நேரம் என்று மூன்று முறை காலியாகிறதா என்று பாருங்கள். சிறுநீரின் நிறத்தைப் பார்த்து நீர் போதுமா என்று முடிவு செய்யும் வழக்கம் இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது. இவர்களுடைய சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கும் திறனைச் சிறு வயதிலேயே இழந்துவிடுவதால், உடல் வறண்டு கிடக்கும்போதுகூடச் சிறுநீர் வெளுப்பாகவே போகலாம். இரவில் படுக்கையை நனைப்பதற்கும் அதுவே காரணம். அதற்காக அவளைத் திட்டுவதும், மாலைக்குமேல் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்துவதும் கூடாது. இரவில் ஒருமுறை எழுப்பிக் கூட்டிச் செல்லுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை, தேவாலா, பந்தலூர் மழையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நனைந்து வந்தால் முதலில் உடையை மாற்றி, தலையைத் துவட்டி, காலுறை போட்டுவிடுங்கள். மற்ற வேலைகள் அதற்குப் பிறகு நடக்கட்டும். குளிக்க வெந்நீர்தான். அங்கன்வாடிக்கு ஒரு மாற்று உடை போகட்டும். கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் போக நேர்ந்தால், 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம் என்பதை நினைவில் வைத்து, நடுவட்டத்துக்கு முன்பே ஸ்வெட்டரையும் குல்லாவையும் மாட்டிவிடுங்கள். வலிக்கிற இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கலாம். ஐஸ் வைக்கவே கூடாது.

இனிச் சொல்லப்போவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்குங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால், இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்ற எண்ணம் இந்த நோயில் குழந்தைகளைப் பறித்திருக்கிறது. நிமோனியா போன்ற நோய்களை உண்டாக்கும் கிருமிகளை வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரல். இவர்களிடம் அது சிறுவயதிலேயே செயலிழந்துபோவதால், மற்றக் குழந்தையைப் படுக்கையில் கிடத்தும் கிருமி இவர்களின் ரத்தத்தில் சில மணி நேரத்தில் பரவிவிடும். ஐந்து வயது முடியும்வரையாவது தினம் இரண்டு வேளை பெனிசிலின் கொடுக்கச் சொல்வதும், நியூமோகாக்கல் தடுப்பூசியை வழக்கமான தவணைகளுக்கு மேலும் போடச் சொல்வதும் இதற்காகத்தான். உங்கள் மகளுக்கு இந்த இரண்டும் தொடங்கப்பட்டனவா என்று அடுத்த முறை போகும்போது கட்டாயம் கேளுங்கள்.

மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, தொப்புளுக்குக் கீழிருந்து தொடங்கி இடப்பக்க விலா எலும்பை நோக்கி விரல்நுனிகளை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். மண்ணீரல் பெரிதாகியிருந்தால், அவள் மூச்சை உள்ளிழுக்கும்போது கெட்டியான ஒரு விளிம்பு வந்து விரலில் முட்டும். முதல்முறை மருத்துவரின் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பழகுங்கள். வழக்கமாக எத்தனை விரற்கடை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் அது பெரிதாகி, குழந்தை வெளிறி, துவண்டு போனால், உடலின் ரத்தம் மண்ணீரலுக்குள் போய்த் தேங்குகிறது என்று பொருள். உடனே ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை அது. கூலிக்குப் போய் வரும் ஒரு தாய், எழுதப் படிக்கத் தெரியாதவர், தம் மகனுடைய மண்ணீரல் “நேத்து ரெண்டு விரல், இன்னிக்கு நாலு” என்று சொல்லிக்கொண்டே வார்டுக்குள் ஓடி வந்தார். எங்கள் கையில் ஸ்கேன் முடிவு வருவதற்கு முன்பே அந்தப் பையனுக்கு ரத்தம் ஏறத் தொடங்கியிருந்தது.

கேள்வி: எனக்கு 24 வயது. கொத்து வேலைக்குப் போகிறேன். மாதத்தில் இரண்டு நாளாவது முதுகிலும் தொடையிலும் எலும்பைப் பிளப்பதுபோல வலி வருகிறது. மருத்துவமனைக்குப் போனால், “பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய், ஊசிக்குப் பழகிவிட்டாயா?” என்கிறார்கள். வீட்டிலும் சோம்பேறி என்றுதான் பேச்சு. – ஒரு வாசகர், சுல்தான் பத்தேரி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த வலிக்கு வெளியில் காட்ட வீக்கமும் இல்லை, காயமும் இல்லை, எக்ஸ்ரேயிலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரசவ வலியையும் எலும்பு முறிவையும் அறிந்தவர்கள் இதை அவற்றுக்கு இணையாகச் சொல்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன், நான் இருந்த ஒரு மருத்துவமனையிலேயே உங்களைப் போன்ற ஓர் இளைஞரை நடிக்கிறார் என்று சொல்லி இரவில் திருப்பி அனுப்பினோம். மறுநாள் காலை அவர் மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தார். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு, வலிக்கிறது என்று சொல்பவரின் சொல்லைத் தவிர வேறு சான்று எதையும் நான் கேட்பதில்லை.

ஆனால் நடைமுறையில் நள்ளிரவுப் பணியில் இருக்கும் புதிய மருத்துவருக்கு உங்களைத் தெரியாது. அவருக்காக ஒரு தாளை எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், ரத்தப் பிரிவு, வழக்கமாக இருக்கும் ஹீமோகுளோபின் அளவு, எடுத்துவரும் மருந்துகள், முந்தைய வலிகளில் எந்த மருந்து எந்த அளவில் கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை. அதில் உங்களைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால், அந்த இரவில் அது உங்களுக்காகப் பேசும். அரசின் சிக்கிள் செல் அட்டை இருந்தால் அதையும் உடன் வைத்திருங்கள்.

வலி தொடங்கும்போதே தண்ணீர், சூடு, ஓய்வு, பாராசிட்டமால் என்று வீட்டில் ஆரம்பித்துவிடலாம். கடையில் வாங்கும் மற்ற வலி மாத்திரைகள் ஏற்கெனவே நலிந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக் கூடியவை. மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், காய்ச்சல், திடீர்த் தலைவலி, ஒரு பக்கக் கை கால் சோர்தல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்துகொண்டாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. இன்னொன்றை ஆண்கள் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை: ஆணுறுப்பு காரணமில்லாமல் விறைத்து வலித்து, இரண்டு மணி நேரத்திலும் தளரவில்லையென்றால் அதுவும் அவசர நிலைதான். விடியட்டும் என்று விட்டால் நிரந்தரமான பாதிப்பு ஏற்படலாம். தொடை வலி நாள்கணக்கில் நீடித்து, நடக்கும்போது இடுப்பு மூட்டில் பிடித்தால், எலும்பின் தலைப்பகுதி ரத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மாதம் தவறாமல் வலி வருகிற உங்களுக்கு ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையா? பிறவியில் நம்மைக் காத்த அந்தப் பழைய ஹீமோகுளோபினை மீண்டும் கூடுதலாக உருவாக்கும் மருந்து அது. 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இது வலி நெருக்கடிகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இது வலி மாத்திரை அல்ல. வலி இல்லாத நாளிலும் தினமும் விழுங்க வேண்டும், பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். விந்தணுக்களைக் குறைக்கக் கூடியது என்பதால், திருமணமும் குழந்தையும் மனத்தில் இருந்தால் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்.

வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெயிலில் சாரத்தின்மேல் நின்று கலவை தூக்குவது இந்த உடம்புக்கு ஏற்ற தொழில் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் சிக்கிள் செல் நோயும் ஒன்று. மாவட்ட மருத்துவக் குழுவிடம் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். சோம்பேறி என்று சொல்லும் வீட்டாருக்கும் அந்தத் தாள் பதில் சொல்லும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை. கல்லூரியில் எடுத்த பரிசோதனையில் எனக்கு ‘ஏ.எஸ்.’ என்று வந்தது. மாமா மகனுக்கு என்னைப் பேசி முடித்திருக்கிறார்கள். நான் திருமணம் செய்துகொள்ளலாமா? – ஒரு வாசகி, அட்டப்பாடி

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளலாம். நீங்கள் நோயாளி அல்லர், கேரியர் மட்டுமே. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம் இருக்கிறது. மேலே நான் எழுதிய வலியும் வீக்கமும் உங்களுக்குரியவை அல்ல. கேட்க வேண்டிய கேள்வி உங்கள் மாமா மகனுடைய ரத்தத்தைப் பற்றியது. அவருக்கு ‘ஏ.ஏ.’, அதாவது இரண்டு பிரதிகளும் இயல்பானவை என்றால் குழந்தைகளில் யாருக்கும் நோய் வராது. அவருக்கும் ‘ஏ.எஸ்.’ என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கும், நான்கில் இரண்டு பங்கு கேரியராக இருப்பதற்கும், நான்கில் ஒரு பங்கு எதுவும் இல்லாமல் பிறப்பதற்கும் வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்கும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான்.

இந்த ‘நான்கில் ஒன்று’ பலரைக் குழப்புகிறது. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போட்ட பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஒரு டப்பாவில் நான்கு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கிறோம். எடுத்த சீட்டை மறுபடி டப்பாவுக்குள் போட்டுவிட்டுத்தான் அடுத்த முறை குலுக்குகிறோம். ஒவ்வொரு முறையும் நான்கு சீட்டுகளும் உள்ளேதான் இருக்கின்றன.

அவருக்கு முகாமில் செய்யும் கரைதிறன் சோதனை மட்டும் போதாது. அது எஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்லுமே தவிர, ‘ஏ.எஸ்.’, ‘எஸ்.எஸ்.’ இரண்டையும் பிரித்துக் காட்டாது; இன்னொரு பரம்பரை ரத்தசோகையான தலசீமியாவின் கேரியரையும் கண்டுபிடிக்காது. எஸ் கேரியரும் தலசீமியா கேரியரும் மணந்துகொண்டாலும் நோயுள்ள குழந்தை பிறக்கலாம் என்பதால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. என்ற சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இருவரும் கேரியர் என்று தெரிந்தும் மணக்க விரும்பினால், கரு உண்டான 10 முதல் 12 வாரங்களில் நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்துப் பார்க்கும் வசதி வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் உண்டு. முடிவு உங்கள் இருவருடையது. ஆனால் பேச வேண்டிய நேரம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே. பந்தல் போட்ட பிறகு இந்தப் பேச்சை எடுத்தால், பெண்ணிடம் குறை இருப்பதாகத்தான் ஊர் பேசும். அவருடைய ரத்தத்தையும் பார்க்கச் சொல்லி உங்கள் அத்தையிடம் நீங்களே கேட்கத் தயங்கினால், கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேரனுக்குக் கண் மஞ்சளாகவே இருக்கிறது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பும் எண்ணெயும் இல்லாமல் பத்தியம் வைத்தோம். மஞ்சள் போகவில்லை. அவனுக்குச் சிக்கிள் செல் உண்டு. – ஒரு பாட்டி, கூடலூர்

பதில்: பாட்டி, அது கல்லீரல் காமாலையாக இருக்க வேண்டியதில்லை. சிவப்பணுக்கள் ஓயாமல் உடைவதால் வரும் மஞ்சள் அவன் கண்ணில் எப்போதுமே கொஞ்சம் இருக்கும். அதைப் போக்க மருந்து தேவையில்லை. பத்தியம்தான் கெடுதல். உணவும் நீரும் குறைந்து மெலிந்த குழந்தைக்கு அடுத்த வலி சீக்கிரம் வரும். வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதை அவனும் சாப்பிடட்டும், முட்டையும் பயறும் கீரையும் கூடுதலாக. மஞ்சள் திடீரென்று அடர்ந்தாலோ, வலப்பக்க மேல்வயிற்றில் வலி வந்தாலோ பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். அப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும்.

கேள்வி: இது ஆதிவாசிகளுக்கு மட்டுமே வரும் நோய் என்று எங்கள் பள்ளியில் பேசிக்கொள்கிறார்கள். சில பெற்றோர் அந்தக் குழந்தைகளோடு தங்கள் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம் என்கிறார்கள். – ஓர் ஆசிரியர், நீலகிரி மாவட்டம்

பதில்: தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, பக்கத்தில் உட்கார்ந்தாலோ இது ஒட்டாது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிறப்பிலேயே வருவது. இந்தியாவில் இந்த மாற்றத்தை முதன்முதலில் 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தபோது, அவர்கள் ரத்தம் எடுத்தது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். ஆதிவாசி நோய் என்ற முத்திரைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இந்த மாற்றம் இங்கே அதிகமாக இருப்பதற்கு உண்மையான காரணம் கொசு. கேரியர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று 1954இல் ஆலிசன் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் காட்டினார். மலேரியா தலைமுறை தலைமுறையாகச் சூறையாடிய இடங்களில், இந்த மாற்றம் உள்ளவர்கள் பிழைத்து நின்றார்கள். வயநாடும் அதை ஒட்டிய கூடலூர்க் காடுகளும் அப்படிப்பட்டவை. ஆகவே இங்கு பணியர், குறும்பர், இருளரிடம் மட்டுமல்ல, வயநாடன் செட்டியாரிடமும் இது உண்டு. ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் எத்தனையோ இனத்தாரிடம் உண்டு.

உங்கள் வகுப்பில் அந்த மாணவர் இருந்தால் மூன்று சலுகைகள் தாருங்கள்: பாடம் நடக்கும்போதும் தண்ணீர் குடிக்கலாம், கேட்காமலே கழிவறைக்குப் போகலாம், மழையிலும் கடும் வெயிலிலும் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியதில்லை. முட்டிபோட வைக்கும் தண்டனை எந்தக் குழந்தைக்குமே கூடாது. இவர்களுக்கு அது மருத்துவமனை வரை போகும்.

கேள்வி: எனக்குச் சிக்கிள் செல் நோய் உண்டு, ஹைட்ராக்சியூரியா எடுத்துவருகிறேன். இப்போது கரு உண்டாகியிருக்கிறது. – ஒரு வாசகி, மானந்தவாடி

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் இன்றே பாருங்கள். அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக் கூடும் என்பதால் வழக்கமாகக் கருத்தரிப்பதற்கு முன்பே நிறுத்துவார்கள். பதற்றத்தில் தனியாக முடிவு எதையும் எடுக்க வேண்டாம். மாத்திரை உட்கொண்ட நிலையில் உண்டான கருக்கள் நலமாகப் பிறந்ததும் உண்டு. ஃபோலிக் அமிலத்தை விடாதீர்கள். பிரசவம் ரத்த வங்கியும் குழந்தை மருத்துவரும் உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும்.

கேள்வி: பள்ளியில் எல்லாருக்கும் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். சிக்கிள் செல் உள்ள என் மகன் சாப்பிடலாமா? இதை முழுவதும் குணமாக்க ஏதாவது வழி உண்டா? – ஒரு தந்தை, எருமாடு

பதில்: இந்தச் சோகை இரும்பு போதாமல் வருவதல்ல. உடைந்த அணுக்களின் இரும்பு உடலிலேயே தங்குகிறது, ரத்தம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் இன்னும் சேர்கிறது. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையில் குறைவு என்று தெரிந்தால் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவுக்குக் கொடுங்கள். அதுவரை பள்ளி மாத்திரை வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கேரியராக உள்ள குழந்தைகள் மற்றவர்களைப் போலச் சாப்பிடலாம்.

குணமாக்கும் வழி உண்டு. ஹெச்.எல்.ஏ. எனப்படும் திசு வகை முழுவதும் ஒத்துப்போகும் உடன்பிறந்தவர் இருந்தால், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய முடியும். சிறு வயதில் செய்தால் பலன் அதிகம், ஆபத்தும் இல்லாமலில்லை. நோயாளியின் அணுக்களிலேயே மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அப்போது அங்கே அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். உங்கள் மகனுக்கு ஒரு தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் ஹெச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்கச் சொல்லி ரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் அவனுடைய ஹைட்ராக்சியூரியாவை அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.